கணக்கும் இரும்பும்

பல்கலைக்கழகத்திற் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் அண்மையில் என் இல்லத்திற்கு வந்தான். 1990களில் ஜப்பானிற் செய்யப்பட்ட வேகக் கார் ஒன்றை அவன் தமையனார் வாங்கியிருக்கிறாராம். “சேர், அந்தக் காரின் எஞ்சினை ஆளுகிற கணினியில் உள்ள கணக்கை மாற்றி எழுதினால் வேகம் இன்னும் கூடும். நானே செய்து பார்க்கப் போகிறேன்,” என்றான்.

பழைய கார்களிற் காபரேட்டரும் டிஸ்ரிபியூட்டரும் செய்த வேலையை இக்காலத்திற் கணினி செய்கிறது. 1979இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் இவ்விரு வேலைகளையும் ஒரே கணினியில் இணைத்து, பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றிற் பொருத்தியது. கணினியின் நினைவகத்தில் வாய்பாடு போன்ற அட்டவணை ஒன்று உண்டு. எஞ்சின் இத்தனை சுற்றுச் சுழன்று, இவ்வளவு காற்றை உள்ளிழுக்கும்போது, பெற்றோலை எவ்வளவு நேரம் தெளிப்பது, பொறியை எத்தனை பாகை முன்னதாக எழுப்புவது என்பன அதிற் கட்டங்கட்டமாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களை மாற்றினால் எஞ்சினின் இயல்பே மாறும்.

எனக்குப் பௌதிகவியல் ஓரளவு தெரியும், கார் தெரியாது. ஆகவே அவனைச் சுன்னாகத்தில் உள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன்.

“எந்தப் பெற்றோல் அடிக்கிறீர், தம்பி?” என்பதே அவருடைய முதற் கேள்வி.

“ஒக்ரேன் தொண்ணூற்றிரண்டு, ஐயா.”

“ஜப்பானிலை உந்தக் காருக்கு இதைவிட உயர்ந்த பெற்றோல் அடிக்கிறவை. வேகத்தைக் கூட்ட முந்தி, எங்கடை பெற்றோலுக்கு அதை இணக்கினீரோ?”

மாணவன் விடையின்றி நின்றான். பெரியவர் தம் பழைய அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினார்.

1990இல் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் அரும்பொருளாயிற்று. நம்மவர் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. பொறி மூட்டிய தீ பரவி முடியுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிப்பது போல ஒலிக்கும். அதனைத் தவிர்க்கப் பொறியைப் பிந்த வைத்தார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனை அடிக்கடி மாற்றினார்கள். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பழைய எஞ்சின்களாதலால் அவை தாங்கின.

அக்காலத்தில் எனக்குப் பத்து வயதிருக்கும். என் அம்மம்மாவை ஒரு நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அத்தகைய ஒஸ்ரின் காரொன்றுதான். அதன் புகை மணம் இன்றும் எனக்கு நினைவுண்டு. அக்கார் பாதிவழியில் நின்றிருந்தால் அவரை நாம் இழந்திருப்போம்.

“கணக்கை மாத்திறது லேசு, தம்பி,” என்று முடித்தார் பெரியவர். “இரும்பு எவ்வளவைத் தாங்கும் எண்டதை முதல் அறியவேணும். பெற்றோலைக் குறைச்சு, பொறியை முந்த வைச்சால் வேகம் கூடினமாதிரித்தான் இருக்கும். பிறகு பிஸ்ரன் உருகி ஓட்டை விழும்.”

உற்பத்தியாளர் அட்டவணையில் விட்டுவைத்த இடைவெளி வீணானதன்று. வெப்பமான நாள், தரங்குறைந்த எரிபொருள், தேய்ந்த உறுப்பு ஆகியவற்றை எண்ணி வைத்த காப்பு அது. அதனை அறியாது அழிப்பவன் எஞ்சினையும் அழிப்பான்.

மாணவ நண்பர்களே, கணினியைக் கையாளும் திறன் உங்களிடம் உண்டு. எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயறியும் திறன் அம்முதியவரிடம் உண்டு. அவர் அறிந்தவை எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவரிடம் தொழில் பழக இப்பொழுது ஒருவரும் இல்லை. இனிச் சனிக்கிழமைதோறும் குறிப்புப் புத்தகத்துடன் அங்கு செல்வதாக என் மாணவன் கூறியிருக்கிறான். கணக்கை மாற்றும் நாள் அதன் பின்னர் வரட்டும்.