பாடம் இருக்கட்டும், பட்டா யார் பேர்ல?

'சமூகப் பண்ணைக் கல்வி மையம்' என்று பலகை மாட்டிக்கொண்டு நம்ம ஊர்களில் வந்து உட்கார்ந்திருக்கும் தொண்டு நிறுவனத்தாரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அய்யா, அம்மா, நீங்க சொல்லித்தர்ற பாடம் இருக்கட்டும். பட்டா யார் பேர்ல இருக்கு?

இயற்கை விவசாயத்தை நான் பழிக்கவில்லை. பூச்சிமருந்தை மூக்கில் துணிகூடக் கட்டாமல் அடிக்கிற கூலியாள் எந்தச் சாதி என்று தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விசமில்லாத சோறு நமக்கும் வேணும். ஆனால் அந்தச் சோற்றுக்குப் பாடம் நடத்துகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

அப்படியொரு மையத்தில் நான் மூணு மாசம் களப்பணியாளனாக இருந்தேன். அறங்காவலர் ஏழு பேர். ஏழு பேரும் ஊர்க்காரங்க, சேரி ஆள் ஒருத்தர்கூட இல்லை. பாத்தி கட்டுறது, கொட்டகை கழுவுறது, எரு சுமக்குறது எல்லாம் சேரிப் பெண்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மண்ணின் பெருமையை வகுப்பெடுப்பது அறங்காவலர். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைக் கிளறிய சனம் கூடையோட வரப்போரமா நிக்குது. ஆண்டறிக்கையில் அந்தப் பெண்களுக்குப் பேர் 'பயனாளிகள்'. யார் உழைப்புல யாருய்யா பயனாளி?

கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சாணிப்பால் புகட்டிச் சவுக்கால் அடித்தார்கள். 1940களில் பண்ணையாட்கள் செங்கொடிச் சங்கமாகத் திரண்டு போராடித்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்கள். அந்தச் சாணியின் மகிமையை இன்னிக்கு நமக்கே கரும்பலகையில் எழுதிக் காட்டுறாங்க. கேட்டுக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வரணுமாம்.

நிலத்தின் கதை அவர்கள் பாடத்திட்டத்தில் கிடையாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசு ஆணை வந்தது. அப்படித்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் கைமாறியது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கத் திரண்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் கேட்டால் குண்டு. பயிற்சி கேட்டால் சான்றிதழ், மதியச் சாப்பாடு, குழுப் புகைப்படம்!

'உங்க ஆளுங்களுக்கு நிர்வாகம் வராதுப்பா' என்று ஒரு அறங்காவலர் என்னிடமே சொன்னார். அவருக்காக அமெரிக்காவின் மிசிசிப்பியிலிருந்து ஒரு கறுப்பினப் பெண்ணைச் சொல்கிறேன். பேனி லூ ஹாமர், பருத்திப் பண்ணையில் வாரத்துக்குச் சாகுபடி செய்த குடும்பத்தில் பிறந்தவர். வாக்காளராகப் பதியப் போன குற்றத்துக்காக 1962இல் பண்ணையார் அவரைத் துரத்தினான். 1969இல் அதே வட்டாரத்தில் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். கூடவே பன்றி வங்கி. ஒரு குடும்பத்துக்குப் பன்றி கொடுப்பார்கள், அது ஈன்றதும் குட்டிகளிலிருந்து அடுத்த குடும்பத்துக்குப் போகும். எந்தப் பன்றியைச் சொல்லி நம்மை ஏசுகிறார்களோ அந்தப் பன்றியை வைத்தே பசியை விரட்டினார்கள். பணமுடையும் வெள்ளமும் சேர்ந்து 1970களின் நடுவில் அந்தப் பண்ணை கைவிட்டுப் போனது உண்மை. அதை முடக்கியது காசில்லாமை. நிர்வாகம் தெரியாமல் அது சாகவில்லை.

மாணவத் தோழர்களே, இனி இந்த மையங்களுக்குத் தன்னார்வமாய்ப் போகிறவர்கள் மண்வெட்டியைத் தொடும் முன்னே புல எண்ணைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைப் பாருங்கள். டி.சி. நிலம் என்று இருந்தால் ஊரறியச் சொல்லுங்கள். அறங்காவலர் பட்டியலையும் கூலிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எரு சுமக்குற பெண்கள் அறங்காவலர் நாற்காலியில் உட்காரணும். நிலம் அவங்க கூட்டுறவு பேருக்கு மாறணும். அது நடக்கிற வரைக்கும் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது பள்ளிக்கூடம் இல்ல, பழைய பண்ணைதான்.