உப்புத் தண்ணிக்கு ஷவர் ஃபில்டர் போதுமா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் வாடகைக்கு வீடு தேடுறவங்க, அட்வான்ஸுக்கு அடுத்து கேட்கும் கேள்வி, 'தண்ணி எப்படி?' 'போர் தண்ணிதான், கொஞ்சம் உப்பு' என்று ஹவுஸ் ஓனர் சொன்னால், அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். குழாயில் வெள்ளைப் படிவு, நுரை வராத சோப்பு, வேகாத பருப்பு, தேங்காய் நார் மாதிரி முடி. இதற்கெல்லாம் தீர்வு என்றுதான் இன்ஸ்டாவில் ஷவர் ஃபில்டரை விற்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். டி.டி.எஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. சோப்பைக் கெடுத்து, கீசருக்குள் ஓடு கட்டுவது அதில் இரண்டே இரண்டு: கால்சியம், மக்னீசியம். இவற்றின் அளவுதான் கடினத்தன்மை. டெமோ காட்ட வருபவரின் பேனா சைஸ் மீட்டர் இதைத் தனியாகச் சொல்லாது. 'டோட்டல் ஹார்ட்னெஸ்' டெஸ்ட் எடுக்கணும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். குடிநீருக்கான ஐ.எஸ் 10500 தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை ஓகே.

இப்போ ஒரு கணக்கு. 600 இருக்கும் தண்ணீரில் 40 லிட்டர், அதாவது ரெண்டு பக்கெட் குளித்தால், 24 கிராம் கடினத்தன்மையை நீக்கணும். ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு! உள்ளங்கை சைஸ் கேட்ரிட்ஜ் இதை எத்தனை நாள் தாங்கும்? குளோரினையும் தூசியையும் வேண்டுமானால் பிடிக்கும். படிகாரமும் கலங்கலைத்தான் தெளியவைக்கும். கொதிக்கவைத்தால் ஒரு பகுதி படியும், முழுசாகப் போகாது.

உண்மையில் வேலை செய்வது சாஃப்ட்னர். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால் டி.டி.எஸ் பெரிதாகக் குறையாது. மீட்டரைப் பார்த்து 'ஏமாத்திட்டாங்க' என்று சண்டைக்குப் போகாதீங்க. அவ்வப்போது உப்பு போட்டு அதைக் கழுவணும். அந்தக் கழிவு செடிக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ போகவே கூடாது. ஆனால், 11 மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர் வீடு முழுக்க சாஃப்ட்னர் போடுவது வீண் செலவு. அது ஓனரோ அசோசியேஷனோ செய்ய வேண்டியது. நீங்கள் கடைசியாகத் தலையை அலச மட்டும் ரெண்டு மக் மெட்ரோ தண்ணியோ, கேன் தண்ணியோ வைத்துக்கொள்ளுங்கள். முடி வறண்டு உடைந்தால் தண்ணீரைச் சந்தேகப்படலாம். வேரோடு கொத்துக்கொத்தாகக் கொட்டினால், ஃபில்டர் கடைக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. அது நிலத்தில் இறங்கினால் போர் தண்ணியின் காரம் குறையும். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. குழாய் இருக்கும், கீழே தொட்டி மண் மூடிக் கிடக்கும். வீடு பார்க்கப் போகும்போது மொட்டைமாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே.