வழவழ டைல்ஸும் வயசான காலும்

"வயசானா விழத்தானுங்க செய்வாங்க" என்று நம் பல்லடம் பக்கம் சாதாரணமாகச் சொல்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

கால் தசை தளர்வது, கண்புரை, சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது எல்லாம் காரணம்தான். ரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர் படுக்கையை விட்டுச் சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது; டாக்டரிடம் சொல்ல வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறார்களே, அவர்களிடமும் சொல்லலாம்.

ஆனால் வீட்டை யாரும் குறை சொல்வதில்லை. பொடக்காலியில் சொரசொரப்பான கல்மேல் நின்று குளித்தவர்களை வழவழ டைல்ஸ்மேல் நிறுத்தியிருக்கிறோம். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டில், பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை.

இன்னொன்று. லேசாக வழுக்கி விழுந்தால் நம் வயசுக்காரர்கள் வாயே திறப்பதில்லை. மகன் வெளியே விடமாட்டான் என்ற பயம். பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் பலமிழக்கும். விழுந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளே, திட்டாதீர்கள், முதலில் அந்தக் கம்பியை மாட்டுங்கள்.