லென்ஸைப் பார்க்காத கணக்குப்பிள்ளை

கேமரா லென்ஸையோ பைனாகுலரையோ வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசாக ஊதா மின்னும். அது சாயம் அல்ல. மக்னீசியம் ஃபுளோரைடு என்கிற பொருளின் மெல்லிய படலம். பூச்சில்லாத கண்ணாடி, ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பியனுப்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் ஐந்தாறு கண்ணாடிகள் இருந்தால் படம் வெளிறிப்போகும். அதைத் தடுக்கும் இந்தப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர்தான். தலைமுடியின் பருமனில் பல நூறில் ஒரு பங்கு!

இதை எந்த ஸ்கேலால் அளப்பது? அளப்பதில்லை, எடை போடுகிறார்கள். காற்றை உறிஞ்சியெடுத்த எஃகு அறைக்குள் கீழே பொருள் சூடாகி ஆவியாகும். மேலே லென்ஸ்கள் தொங்கும். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம், சின்னக் காசு அளவில், விநாடிக்கு 60 லட்சம் தடவை அதிர்ந்துகொண்டிருக்கும். ஆவி அதன்மேலும் படியும். எடை ஏற ஏற அதிர்வு குறையும். எவ்வளவு எடைக்கு எவ்வளவு குறையும் என்ற கணக்கை 1959-ல் வெளியிட்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி சாவர்பிரே. நம் 100 நானோமீட்டருக்குக் குறைவது வெறும் 2,600 அதிர்வுகள். இதைக் கவனித்து வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அளவு வந்ததும் ஷட்டரை மூடுவதுதான் கன்ட்ரோலரின் வேலை.

கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைதான். ஆனால் லென்ஸை அது ஒருபோதும் பார்ப்பதில்லை. பார்ப்பது படிகத்தை மட்டுமே. எடையைத் தடிமனாக மாற்ற, பொருளின் அடர்த்தியை ஆள்தான் சொல்லித்தர வேண்டும். தங்கத்துக்கு 19.3, அலுமினியத்துக்கு 2.7. நேற்று தங்கத்துக்குப் போட்ட எண்ணை மாற்றாமல் இன்று அலுமினியம் ஏற்றினால், ஏழு மடங்கு தடிமனாகப் பூசிவிட்டு, 'அளவு சரி' என்று திரையில் காட்டும்.

இன்னொரு வம்பு, படிகம் இருக்கும் இடம். மொட்டை மாடி வாளியில் விழுந்த மழையை வைத்து வயலில் பெய்த மழையைச் சொல்ல முடியுமா? ஒரு முறை வயலிலும் அளந்தால் முடியும். அதனால் முதலில் ஒரு சோதனைக் கண்ணாடியில் பூசி, வெளியே எடுத்துத் தனியாக அளப்பார்கள். திரையில் 100, கண்ணாடியில் 120 என்றால், 'டூலிங்' என்ற இடத்தில் 100 சதவிகிதத்தை 120 ஆக்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் லென்ஸே காட்டிக்கொடுத்துவிடும், ஊதாவுக்குப் பதில் நீலம் அடிக்கும்.

சூடேற்றுவதிலும் நிதானம் தேவை. எடுத்த எடுப்பில் மின்சாரத்தைக் கூட்டினால், சூடான எண்ணெயில் கடுகு மாதிரி பொருள் தெறித்து லென்ஸில் புள்ளி விழும். அதனால் மெல்ல ஏற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, அதன் பிறகே ஷட்டரைத் திறக்கும்படி நேரம் குறிப்பார்கள்.

எல்லாம் சரியாக நடக்கும்போது, பாதி பூச்சில் படிகம் திடீரென்று செத்துப்போவதும் உண்டு. மேலே ஏறிய படலம் உரிந்தாலே போதும். அப்போது என்ன செய்வது என்பதை முன்னாடியே எழுதிவைக்க வேண்டும். மாற்றுப் படிகத்துக்குத் தாவலாம். அதுவரை போன மின்சாரத்தையே வைத்து மீதி நேரத்தை ஓட்டலாம். அப்படியே நிறுத்தலாம். உள்ளே தொங்குவது சாதா கண்ணாடியா, மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய லென்ஸா என்பதும் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று அறைக் கதவைச் சாத்தும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.