மூணு சப்ளியும் ஒரு தண்டச்சோறும்

போன சனிக்கிழமை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஏலக்காய் வாங்கப் போனேன். கடைக்காரர் நம்ம ஊர்க்காரர். பையனைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், "அந்தத் தண்டச்சோறா சார்? மூணு சப்ளி வச்சிருக்கான். பரீட்சைக்குப் பணம் கட்ட நேத்துதான் கடைசி நாள், அதையும் கட்டலை" என்றார். (நம்ம ஊர் அரியர்தான் இங்கே சப்ளி.) பையன் மூட்டைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்!

பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அப்பா அம்மாக்களே, கோபப்படாமல் சொல்லுங்கள். திட்டித் திட்டி எந்தப் பையனாவது புத்தகத்தை எடுத்திருக்கிறானா? காஸ்டிங் பேப்பரில் அரியர் வைத்து, மார்க் ஷீட்டை பீரோவுக்கு அடியில் ஒளித்தவன் கேட்கிறேன் :-)

பேங்க்கில் 20 வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு தவணை தவறியவர் மறுநாளே வந்து தலையைச் சொறிவார். மூன்று தவறியவர் எங்கள் தெருப்பக்கமே வரமாட்டார், போனை எடுக்கமாட்டார். பணம் இல்லாதது பாதி, எங்கள் முகத்தில் முழிக்க முடியாதது மீதி. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். நாலு பேர் முன்னால் கத்தினால் வசூலாகுமா? இன்னும் நன்றாக ஒளிந்துகொள்வார். அரியர் பையனும் அதே கேஸ்தான். புத்தகத்தைத் திறந்தால் "நீ உருப்படமாட்டே" என்பதுதான் கண்ணில் படும். மூடிவிட்டு செல்போனை எடுப்பான். நாம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், திமோதி பிச்சில் குழுவினர் 119 முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தன்னைத்தானே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்களாம். மனக்கசப்பு குறைந்ததுதான் காரணம்.

"அப்போ மன்னிச்சு விட்டுடலாமா?" என்பீர்கள். அதையும் பார்த்தோமே! 2020 ஆகஸ்டில், கொரோனா நேரம், கட்டணம் கட்டியிருந்த அரியர்காரர்களுக்கு தமிழக அரசு ஆல்பாஸ் அறிவித்தது. முதல்வருக்கு போஸ்டரெல்லாம் ஒட்டினார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் பரீட்சை வைக்கச் சொன்னது. சரியான உத்தரவு. அது கடன் தள்ளுபடி. நான் கேட்பது மறுசீரமைப்பு. பாக்கி ஒரு பைசா குறையாது, ஆனால் ஆளை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்பது.

கடையில் இவ்வளவும் பேசவில்லை. "ஃபைனோட கட்டத் தேதி இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"வியாழன் வரைக்கும் இருக்கு அங்கிள்."

கடைக்காரர் ஏலக்காயை நிறுத்துக்கொண்டே, "அவனுக்கு வக்காலத்தா சார்?" என்றார். கல்லா இன்னும் திறக்கவில்லை.