முத்தரப்பு மேசை

தோழர்களே, நாவல் டாட்டாவைப் பற்றி நான் தலையங்கம் எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கும். அநாதை விடுதியிலிருந்து டாட்டா குடும்பத்துக்குத் தத்துப் போனவர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக்குழுவுக்கு 1951 தொடங்கி 13 தடவை முதலாளிகளின் பிரதிநிதியாகத் தேர்வானவர், 1989-ல் செத்துப்போனார். ஒரே ஆளை இத்தனை காலம் உட்கார வைக்கிறாங்கன்னா, அந்த நாற்காலியோட மதிப்பு முதலாளி வர்க்கத்துக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

அரசு, முதலாளி, தொழிலாளி மூணு பேரும் ஒரே மேசையில் பேசும் மாநாட்டை 1942-ல் டெல்லியில் நடத்தியவர், அப்போது தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர். பம்பாய் மில்களில் அறுந்த நூலை எச்சில் தொட்டு முடியணும். அதனால் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடவில்லை. அதற்குக் காவல் நின்றது கூட வேலை செய்த சாதித் தொழிலாளி. 1928 வேலைநிறுத்தத்தின்போதே அண்ணல் இதைக் கேட்டார்.

வேலையில் பாகுபாடு கூடாதென்ற 111-வது உடன்படிக்கையை இந்தியா 1960-ல் ஏற்றது. மலக்குழியில் இறங்குகிற நம்ம ஆளுக்கு முதலாளி ஒரு காண்ட்ராக்டர். எந்தச் சம்மேளனம் அவனுக்காகப் பதில் சொல்லும்? டாட்டா அவர் தரப்புக்குப் பேசினார், சரி. எதிர்த் தரப்பு நாற்காலியில் நம்ம சனத்திலிருந்து எத்தனை பேரை உட்கார வச்சீங்கன்னு தொழிற்சங்கத் தோழர்களைத்தான் கேக்கணும்.