டைனோசர் பொம்மைக்குக் காத்திருக்கிற பெரியவங்களுக்கு வைத்தியம் தேவையா?



கொஞ்சம் நீளமான இழை. டீயை ஊத்தி வெச்சுக்கிட்டு படிங்க.

நவம்பர் கடைசி வந்துட்டா உலகம் பூரா ஒரு கூட்டத்துக்குத் தூக்கம் கெட்டுப்போகும். எல்லாரும் முப்பது, நாற்பது வயசைத் தாண்டினவங்க. வேலை, வீடு, குழந்தைகள் எல்லாம் இருக்கு. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு போனை எடுத்து, "அடுத்த வருஷம் என்னென்ன டைனோசர் பொம்மை வருது?"ன்னு பார்த்துட்டு இருப்பாங்க.

அமெரிக்காவின் சஃபாரி, பிரான்சின் பாப்போ, ஜெர்மனியின் ஷ்லைக், கலெக்டா.. இவங்க எல்லாம் அடுத்த வருஷத்து உருவங்களைப் பெரும்பாலும் குளிர்காலத்துல வெளியிடுவாங்க. சில கம்பெனி ஒரே நாள்ல மொத்தப் பட்டியலையும் போட்டுடும். சில கம்பெனி சீரியல் மாதிரி ஒண்ணு ஒண்ணா விடும். சீனாவின் பிஎன்எஸ்ஓ இன்னும் மோசம். அதுக்குக் காலம் நேரமே கிடையாது, எந்த மாசம் வேணா திடீர்னு அறிவிப்பு வரும். சேகரிக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான்.

இதை ஏன் ஒரு டாக்டர் எழுதறான்னு கேக்கறீங்களா? காரணம் இருக்கு.

நம்ம சங்ககிரி பக்கம் லாரி புக்கிங் தொழில்ல இருக்கிற ஒருத்தர். (ஆளை அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தியிருக்கேன்.) சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தார். கூட வந்த வீட்டம்மா, அவர் எடை பார்க்கப் போன நேரத்துல மெதுவாக் கேட்டாங்க.

"ஏனுங்க டாக்டர்.. இவரு பீரோ நிறைய பல்லி பொம்மையா வாங்கி அடுக்கறாருங்க. இன்னும் ஒண்ணு வரப்போகுதுன்னு மாசக்கணக்கா அதையே பேசறாரு. மூளையில ஏதாச்சும் கோளாறுங்களா?"

கிண்டலாக் கேக்கல. நிஜமாவே பயந்துட்டாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தா அந்த பீரோவைப் பூட்டிடறாங்களாம். பொண்ணு கேட்டு வர்றவங்க பார்த்துட்டா என்ன நினைப்பாங்கன்னு கவலை.

அந்தக் கேள்விக்கு நிதானமா ஒரு பதில் சொல்லலாம்னுதான் இந்த இழை.

முதல்ல மருத்துவம். பொருள் சேர்க்கிறது வேற, பதுக்கல் நோய் வேற. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 மனநல வரையறை நூல் பதுக்கலைத் தனி நோயாகவே பிரிச்சுது. அந்த நோய் உள்ளவங்களுக்கு எதையும் தூக்கிப் போட முடியாது. பழைய பேப்பர், காலி டப்பா, உடைஞ்ச குடை எல்லாம் குவியும். படுக்க இடம் இருக்காது, அடுப்பு மேலயும் சாமான் இருக்கும். சேகரிக்கிறவர் அதுக்கு நேர் எதிர். ஒரு விஷயத்தை மட்டும் தேர்ந்தெடுப்பார். அடுக்குவார், துடைப்பார், பேர் எழுதுவார், பிடிக்காததை வித்துடுவார். சிக்மண்ட் ஃப்ராய்டு தெரியுமில்ல? மனநல மருத்துவத்துல அவ்வளவு பெரிய பேரு. அவரே பழங்காலச் சிலைகளும் சிற்றுருவங்களுமா இரண்டாயிரத்துக்கு மேல சேர்த்து வெச்சிருந்தார். நோயாளியைப் பார்க்கிற அறையிலயே!

அடுத்து, "பொம்மை கைக்கு வந்ததைவிட வரப்போகுதுங்கிற பேச்சுலதான் அவருக்கு சந்தோசம்"னு அந்தம்மா சொன்னாங்க. ரொம்பச் சரியான கவனிப்பு. மூளை அப்படித்தான் வேலை செய்யுது.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமின் செல்களைக் கவனிச்சார். ஆரம்பத்துல சாறு வாயில விழும்போது அந்த செல்கள் துடிச்சுது. விளக்கு எரிஞ்சா சாறு வரும்னு பழகினதுக்கு அப்பறம், விளக்கு எரியும்போதே துடிச்சுது. சாறு வரும்போது சும்மா இருந்துச்சு. அதாவது எதிர்பார்ப்புதான் மூளையை உசுப்புது. தீபாவளியைவிட தீபாவளிக்கு முந்தின நாள் நல்லா இருக்கிறது ஏன்னு இப்பப் புரியுதுங்களா?

ஆபத்தும் இதுலதான் இருக்கு. ஆசைப்படறதுக்கும் அனுபவிக்கிறதுக்கும் மூளையில வேற வேற பாதைன்னு கென்ட் பெரிட்ஜ் காட்டினார். ஆசை ஏறிக்கிட்டே போகலாம், அனுபவம் ஏறாமலே இருக்கலாம். பார்சலைப் பிரிக்காமலே அடுத்ததை ஆர்டர் போடறீங்களா? வீட்டுல விலையைக் குறைச்சுச் சொல்றீங்களா? வட்டிக்கு வாங்கி ஆர்டர் போடறீங்களா? ஆமான்னா கொஞ்சம் நின்னு யோசிங்க, வந்து பேசுங்க. நம்ம புக்கிங்காரர்கிட்டயும் இதையெல்லாம் கேட்டேன். மூணுக்கும் இல்லைன்னார். வருஷத்துக்கு மூணோ நாலோதான் வாங்கறார். சிகரெட் இல்ல, குடி இல்ல. அந்தம்மாகிட்ட, "பீரோவைப் பூட்டாதீங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. ஒரே டைனோசரை எதுக்கு மறுபடி மறுபடி வாங்கணும்?

இது நியாயமான கேள்வி. பதில் சுவாரசியமானது. ஏன்னா அந்த மிருகம் மாறிக்கிட்டே இருக்கு! 1970-களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக இன்விக்டா கம்பெனி செஞ்ச டைரனோசாரஸ் வாலைத் தரையில ஊனி நிமிர்ந்து நிக்கும். இன்னைக்குச் செய்யற டைரனோசாரஸ் உடம்பைத் தரைக்கு இணையா வெச்சு, வாலைப் பின்னாடி நீட்டி நிக்கும். ஸ்பைனோசாரஸ் எடுத்துக்கோங்க. 2014-இல் அதுக்குக் கால் குட்டைன்னு ஆய்வு வந்துச்சு. 2020-இல் துடுப்பு மாதிரி வால்னு இன்னொரு ஆய்வு. ரெண்டு தடவையும் பழைய பொம்மை தப்பாகிப் போச்சு. சைனோசாராப்டெரிக்ஸ்னு ஒரு சின்ன டைனோசருக்கு வாலில் செம்பழுப்பு வரி இருந்ததுன்னு 2010-இல் நிறம் வரைக்கும் கண்டுபிடிச்சுட்டாங்க. புதுப் பட்டியலுக்குக் காத்திருக்கிறவர், அறிவியல் இந்த வருஷம் எங்க வந்து நிக்குதுன்னும் சேர்த்துத்தான் பார்க்கறார். நம்மில் எத்தனை பேர் பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடினதுக்கு அப்பறம் ஒரு அறிவியல் செய்தியை இவ்வளவு ஆர்வமாத் தொடர்ந்திருக்கோம்?

"காத்திருந்து பொம்மை வாங்கறது வெள்ளைக்காரன் பழக்கம்"னு சொல்றவங்களுக்கு ஒரே வார்த்தை.. கொலு.

நவராத்திரிக்கு வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும்னு நம்ம வீடுகள்ல வழக்கம் இருக்கில்ல? விளாச்சேரியிலயும் பண்ருட்டியிலயும் மண்ணும் காகிதக்கூழும் பொம்மையாகுதே, அதுக்கு மாசக்கணக்கா யாரு காத்திருக்கா? அறுபது வயசு அத்தைகள்தான்! அவங்களை யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. கொலுப்படிக்கு ஒரு கணக்கும் சொல்வாங்க. கீழ்ப்படியில ஓரறிவு, மேலே போகப் போக ஈரறிவு, மூவறிவு, அப்பறம் மனுசன், அதுக்கும் மேல தெய்வம். உயிர்களை இப்படி வரிசைப்படுத்தின வீட்டுல ஒரு டைனோசருக்கு இடம் இருக்காதா என்ன.. என் கணக்குல மூணாவது படி.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். இந்தியாவுல இந்தப் பொம்மைகள் ஏன் இவ்வளவு விலை, ஏன் பாதி கிடைக்கவே மாட்டேங்குது? பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு. 2023-இல் 70 ஆச்சு. 2021 ஜனவரி 1 முதல் 14 வயசுக்குள்ள பிள்ளைங்க விளையாடற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சேகரிக்கிறவங்க இதைத் திட்டாத நாள் இல்ல.

நான் திட்ட மாட்டேன். ஒரு டாக்டரா எனக்கு அந்த முத்திரை வேணும்.

திருவிழாக் கடையில, பஸ் ஸ்டாண்டுல முத்திரை இல்லாம விக்கிற டைனோசரை மோந்து பாருங்க. மூக்கைத் துளைக்கும். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கிற தாலேட், மலிவான பெயிண்ட்ல ஈயம்.. இதெல்லாம் என்ன அளவு இருக்குன்னு யாரும் சோதிச்சிருக்க மாட்டாங்க. வாயில வெச்சுக் கடிக்கிற வயசுப் பிள்ளைக்கு ஈயம் மூளையைப் பாதிக்கும். இதுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

அதைவிட எனக்குப் பயம் ரெண்டு சாமானைப் பார்த்துத்தான். ஒண்ணு, பொத்தானை அமுக்கினா உறுமற டைனோசர். உள்ள வட்டமா பட்டன் பேட்டரி இருக்கும். மூடி ஸ்குரூ போடாம இருந்தா பிள்ளை எடுத்து முழுங்கிடும். உணவுக்குழாயில மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ள வெந்து ஓட்டை விழற அளவுக்குப் போகலாம். "மலத்துல வந்துடும்"னு வாழைப்பழம் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இன்னொண்ணு, தண்ணியில போட்டா பெருசாகிற டைனோசரும் முட்டையும். தண்ணியை உறிஞ்சி ஊதற பொருள் அது. முழுங்கினா குடலுக்குள்ளயும் அதே வேலையைத்தான் செய்யும். குடல் அடைச்சுக்கும். கொடுமை என்னன்னா, சாதாரண எக்ஸ்ரேல அது தெரியாது. பிள்ளை விடாம வாந்தி எடுத்தா, வீட்டுல அப்படி ஒரு பொம்மை இருக்குன்னு டாக்டர்கிட்ட நீங்களாச் சொல்லணும்.

சேகரிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க பொம்மை அலமாரிக்கானது, மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான் இல்ல. மெல்லிசான நகமும் வால் நுனியும் உடைஞ்சா தொண்டைக்குள்ள போற அளவுதான். உயரத்துல வைங்க. அப்படியே நம்ம ஊர் ஏப்ரல் வெயிலையும் நினைச்சுக்கோங்க. ரெண்டு கால்ல நிக்கிற பிவிசி மிருகம் சேலம் சூட்டுல மெல்ல முன்னாடி சாயும். சுடுதண்ணியில காலை முக்கி, நிமிர்த்திப் பிடிச்சு, உடனே குளிர்ந்த தண்ணியில விட்டா நிக்கும். ஓட்டு வீடா இருந்தா மேல்தட்டே வேண்டாம்.

இப்ப என் உண்மையான ஆதங்கத்துக்கு வர்றேன்.

சங்ககிரியிலயும் சிமெண்ட் ஆலை இருக்கு. அரியலூர்லயும் இருக்கு. ரெண்டு ஊர்லயும் வெட்டறது சுண்ணாம்புக்கல்தான். ஆனா நம்மூர்க் கல்லு பூமிக்குள்ள வெந்து உருமாறின பளிங்கு மாதிரியான கல்லு. டைனோசர் காலத்துக்கு எத்தனையோ கோடி வருஷம் முந்தினது. அதுல எலும்பு தேடிப் புண்ணியம் இல்ல. அரியலூர்க் கல்லு கடல் படிஞ்ச கல்லு. சிப்பியும் நத்தையும் அம்மோனைட்டுமா நிறைஞ்சு கிடக்கு. அங்க கல்லமேட்டுல, சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தின மண்ணுல, ஒரு மிருகத்தோட எலும்புகள் கிடைச்சுது. முழங்காலுக்குக் கீழ உள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர்! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் அதுக்கு பிருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க. முதல்ல மாமிசம் தின்றதுன்னு நினைச்சாங்க, அப்பறம் நீளக்கழுத்து இலைதின்னின்னு முடிவாச்சு. 2023-இல் வந்த ஒரு கணக்கு அதோட எடையை 110-லிருந்து 170 டன் வரைக்கும் போடுது. அது சரியா இருந்தா, தரையில நடந்த மிருகங்கள்லயே மிகப் பெரியது இதுவா இருக்கலாம்.

அந்த எலும்புகள் இப்ப எங்க? இல்ல. பாதுகாக்க முடியாம நொறுங்கி மண்ணாப் போச்சு.

அதே ரெண்டு பேர் 1979-இல் இன்னொண்ணுக்குப் பேர் வெச்சாங்க. திராவிடோசாரஸ். முதுகுல தகடு வெச்ச ஸ்டெகோசாரஸ் வகைன்னாங்க. 1996-இல் சங்கர் சாட்டர்ஜி, "இல்ல, இது கடல்ல நீந்தின வேற மிருகம்"னார். 2017-இல் மறுபடி ஸ்டெகோசாரஸ்தான்னு ஒரு கட்டுரை வந்துச்சு. சண்டை ஓயல. 2009-இல் நம்ம சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல்காரங்க செந்துறை பக்கம் டைனோசர் முட்டைக் குவியல்கள் கிடைச்சதா அறிவிச்சாங்க. இவ்வளவும் சங்ககிரியிலிருந்து காலையில கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ற தூரத்துல!

நம்ம பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. டி-ரெக்ஸ் தெரியும், வெலாசிராப்டர் தெரியும். திராவிடோசாரஸ்? முழிக்கும்.

அதனால என் கோரிக்கை, டிசம்பர் பட்டியலுக்குக் காத்திருக்கிறவங்ககிட்டதான். உங்களுக்குக் கண்ணு இருக்கு, எந்தத் தசை எங்க தப்பா இருக்குன்னு சொல்ற அறிவு இருக்கு. ஒரு விளாச்சேரிக் கைவினைஞரைப் பிடிங்க. படம் கொடுங்க, அளவு கொடுங்க, நாலு பேர் சேர்ந்து முன்பணம் கொடுங்க. கைவினை ஆணையர்கிட்ட பதிவு செஞ்ச கலைஞர்கள் செஞ்சு விக்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ கட்டாயத்திலிருந்து விலக்கே இருக்கு. இறக்குமதி வரியும் கிடையாது. 2016-இல் அமெரிக்காவுல டேவிட் சில்வான்னு ஒரு தனி மனுசன், இறகு வெச்ச ராப்டர் பொம்மைகளை இப்படித்தான் ரசிகர்கள்கிட்ட முன்பணம் வாங்கிச் செய்ய ஆரம்பிச்சார். காகிதக்கூழ்ல ஒரு பிருஹத்காயோசாரஸ், முழ நீளக் கழுத்தோட.. அடுத்த நவராத்திரிக்கு வந்தா நானே முதல் ஆளா வாங்கிக்கறேன்.

அது வர்ற வரைக்கும் அரையாண்டு லீவுல பிள்ளைங்களை நாமக்கல், திருச்சி வழியா அரியலூர் கூட்டிட்டுப் போங்க. வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல கல்லாப் போன மரம், 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கு. வெயில் அதிகம், தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க. கல்லை மட்டும் பொறுக்கிட்டு வராதீங்க, அது அங்கயே இருக்கட்டும்.